எண்ணி வாசிக்கிறவள்

லூனாஸ்,
9 மார்ச் 2025

அன்புள்ள ஷீலாவுக்கு,

ஆண்டவருக்குள் உன் தோழி ரூபினி எழுதுவது. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் கடிதம் எழுதுகிறேன். விலாசம் கேட்டபோது உன் அண்ணி ரொம்ப யோசித்துத்தான் கொடுத்தார். அவரைக் கோபிக்காதே.

நீ ஜித்ராவுக்குப் போன பிறகு சபையில் கீபோர்டு வாசிக்க ஆளில்லை. நாலு வாரம் வெறும் கைத்தட்டல்தான். பிறகு பாஸ்டர் ஜெயகுமார், "நீதானே எப்பவும் ஷீலா பக்கத்துல உட்கார்ந்திருப்பே, பழகிக்கோ லா" என்றார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. தினமும் ஐந்து மணிக்கு எழுந்து அரை மணி ஜெபம், அரை மணி கீபோர்டு, அப்புறம் ஃபேக்டரி வேலை.

ஏழு மாதம் ஆகியும் இரண்டிலும் ஒரே கதை. விரல் பாதிப் பாட்டில் நின்றுவிடுகிறது. ஜெபத்தில் வாய் தானாக ஓட, மனசு ஷிப்ட் பட்டியலில் நிற்கிறது. நீ ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், கை வாசித்துவிடும். நான் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டேதான் வாசிக்கிறேன். ஞானஸ்நானம் எடுத்து நாலு வருடமாகிறது. விசுவாசத்தையும் இப்படி எண்ணித்தான் நடத்துகிறேன் போலிருக்கிறது. எப்போது தானாக வரும்? உனக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்கிறேன்.

நமக்குள் நடந்தது நடந்துவிட்டது. அதை ஆண்டவர் கையில் ஒப்படைத்துவிட்டு உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

உன் அன்புச் சகோதரி,
ரூபினி


ஜித்ரா,
21 மார்ச் 2025

ரூபினி,

அண்ணி மேல் எனக்குக் கோபமில்லை. உன் மேல்தான்.

"நடந்தது நடந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய், என்னவோ மழை பெய்து ஓய்ந்த மாதிரி. என்ன நடந்தது என்று நான் எழுதட்டுமா? ஷிப்ட் நடுவில் நான் சாப்பிடப் போனேன். "போ லா, உன் மெஷினை நான் பாத்துக்கிறேன்" என்றாய். அந்த அரை மணியில் என் மெஷினில் தவறான பார்ட்ஸ் ரீல் ஏறி, இரண்டாயிரம் சர்க்யூட் போர்டு வீணானது. சூப்பர்வைசர் மனோகரன் சார் கூப்பிட்டுக் கேட்டபோது நீ என் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தாய். என் பதினோரு வருட வேலை போனது. அடுத்த மாதம் உனக்கு லைன் லீடர் பதவி. இப்போது சபையில் என் இடத்திலும் உட்கார்ந்துகொண்டு, விரல் வரவில்லை என்று என்னிடமே முறையிடுகிறாய்.

பழகுவதைப் பற்றித்தானே கேட்டாய்? பாட்டில் கஷ்டமான இடம் வந்தால் நீ குரலைத் தணித்துக்கொண்டு தாண்டிவிடுவாய். பக்கத்திலிருந்து எத்தனை ஞாயிறு கேட்டிருக்கிறேன். அப்படியே தினமும் பழகினால், தாண்டிப் போவதுதான் நன்றாகப் பழகும். ஜெபத்திலும் அதுதான்.

எனக்குத் தானாக வந்தது என்பது உண்மைதான். அப்பா பாட, அம்மா ஜெபிக்க, கேட்டே வளர்ந்தேன். ஒரு நாளும் உட்கார்ந்து பழகியதில்லை. அதனால்தானோ என்னவோ, வேலை போனதும் இரண்டும் என்னை விட்டுப் போய்விட்டன. இங்கே வந்து எட்டு மாதமாகிறது, சபைப் பக்கமே போகவில்லை.

எனக்காக ஜெபிக்காதே. எரிச்சலாக இருக்கிறது.

ஷீலா


லூனாஸ்,
13 ஏப்ரல் 2025

ஷீலா,

பதில் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் "ஆனால்" என்று ஒரு சொல் வந்து விழுந்தது. நாலு தாளைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

அந்த ரீலை ஏற்றியது நான். லேபிளைப் படிக்காமல் ஏற்றினேன். சார் கேட்டபோது எனக்குத் தெரிந்திருந்தது. லைன் லீடர் பட்டியலில் என் பெயர் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. உன் வேலை போனது என்னால்.

இதை முதலில் காலை ஜெபத்தில் சொல்லிப் பார்த்தேன். முதல் நாள் "எங்களால் நேர்ந்த தவறு" என்று வந்தது. திரும்பச் சொன்னேன், "என் பயத்தால்" என்று வந்தது. "நான் செய்தேன்" என்று முழுசாக வர ஆறு நாள் ஆனது. வந்தால் நிம்மதி கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். கிடைக்கவில்லை.

போன திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். சார், "அந்த ஃபைலை மூடி எத்தனை மாசமாச்சு. இப்ப ஏம்மா வந்து சொல்றே?" என்றார். எழுதிக் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். உனக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வரும். வராவிட்டால் எழுது, மறுபடி போய்க் கேட்கிறேன்.

இன்று சபையிலும் சொன்னேன். பாஸ்டர் கொஞ்ச நாள் கீபோர்டில் உட்கார வேண்டாம் என்றார். குருத்தோலை ஞாயிறு என்று பிள்ளைகள் ஓலை பிடித்து வந்தார்கள். நான் கடைசி வரிசையில் நின்றேன். முன்பெல்லாம் ஓடிவந்து பேசுகிறவர்கள் இன்று பேசவில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். அதுவும் உன் தலையில் ஒரு வேலையைக் கட்டுவதாகிவிடும். வீட்டில் இரண்டையும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டும் இன்னும் சரியாக வரவில்லை.

ரூபினி


ஜித்ரா,
4 மே 2025

ரூபினிக்கு,

கம்பெனிக் கடிதம் வந்தது. என் பேரில் இருந்த குற்றத்தை நீக்கிவிட்டார்களாம். விருப்பமிருந்தால் வேலைக்குத் திரும்பலாமாம். நான் போகப் போவதில்லை. இங்கே ஒரு கேக் கடையில் இருக்கிறேன், வேலை பிடித்திருக்கிறது.

அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டு, "இப்பவாச்சும் சந்தோஷமா?" என்றார். சந்தோஷம் எங்கே வந்தது? கோபம்தான் இரண்டு மடங்கானது. அன்றைக்கு நீ ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதுமே. சம்பந்தமே இல்லாமல் அண்ணியிடம் கத்திவிட்டேன், பாவம்.

மன்னித்துவிட்டேன் என்று என்னால் எழுத முடியாது. எழுதினால் பொய். நீ இங்கே வரவும் வேண்டாம்.

ஒரே வாக்கியத்தை ஆறு நாள் திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் என்னை விடவில்லை. நான் எதையும் இரண்டாம் தடவை சொல்லிப் பார்த்தவள் இல்லை. போன திங்கட்கிழமை காலை, கடைக்குக் கிளம்பும் முன் சமையலறையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். "ஆண்டவரே, ரூபினியை" என்று தொடங்கினேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. ஆத்திரத்தில் எழுந்து போய்விட்டேன். மறுநாளும் அதே இடத்தில் நின்றது.

இன்றோடு ஏழு நாள். இன்றும் "ரூபினியை" என்பதோடு நின்றுவிட்டது. நாளைக்கும் உட்காருவேன்.

ஷீலா