ரோஹனின் வண்டிக்குக் கரி எடுத்தது

ஜூன் 3, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. துணி ஒன்றும் உலரவில்லை.

மாமனார் இன்றும் ஷெட்டில் ரோஹனின் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். தினம் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கோப்பா என்று கப்பலுக்குக் கிளம்பும்போது ரோஹன் சொன்னது. மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான். பிள்ளை வெளிநாட்டில், வண்டிக்கு அப்பன் காவல். ஆனால் என் புருஷன் ரோஹன் திரும்பி வரப்போவதில்லை. போன மழைக்காலத்தில் கப்பலிலிருந்து கடலில் விழுந்தான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. மாமனாருக்கு, நானும் அப்பா என்றுதான் கூப்பிடுவது, இது தெரியாதா என்ன?

ஜூன் 5

ஷட்டரைத் தூக்கினால் ஒரே புகை. அப்பா ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடக்கிறார். ஐயோ! பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி சேச்சியும் நானுமாக வெளியே இழுத்தோம். முகத்தில் மழை பட்டதும் கண் திறந்தார். எதுக்கு ஷட்டரை இறக்கறேள் என்று கத்திவிட்டேன்.

"தொறந்திருந்தா மழைச் சத்தம், மதூ. அவன் மூச்சு கேக்கலை."

ஜூன் 6

இந்த வண்டி அப்பாவின் உயிரை எடுத்துவிடும். விற்றே ஆகவேண்டும்.

மழை விட்டதும் நானே ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஓடுகிறது, சத்தம் இறங்குகிறது, நின்றேவிட்டது என்று நினைக்கும்போது திணறிக்கொண்டு எடுக்கிறது. ரோஹனுக்குத் தூக்கத்தில் மூச்சு இப்படித்தான் நிற்கும். நான் விழித்துக் கிடப்பேன். தோளைத் தொட்டதும் எடுக்கும்.

சத்தம் இறங்கியபோது பக்கத்து சீட்டில் கை வைத்தேன். உடனே எடுத்தது.

தற்செயல் — தற்செயல்தானே?

ஜூன் 9, திங்கள்

பள்ளுருத்தியிலிருந்து மெக்கானிக் ஷாஹிர் வந்தார். இப்படித் திணறினால் எவன் வாங்குவான்? எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தார் மாதிரி கரி, நடுவில் ஒரு விரல் போகும் வழிதான் மிச்சம்.

"ஓட்டாம நிறுத்தியே ஸ்டார்ட் பண்ணினா இப்படித்தான் சேச்சி. காத்து போக வழியில்ல, அதான் மூச்சு முட்டுது."

இவ்வளவுதானா? எனக்குச் சிரிப்பு வந்தது. மருந்தடித்து, ஊறவிட்டு, சுரண்டினார். பழைய பேப்பர் மேல் கரி குவிந்தது. மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஒரே சீரான சத்தம். இறக்கமும் இல்லை, திணறலும் இல்லை. அப்பா வெகுநேரம் காது கொடுத்து நின்றார். நான் பயந்துகொண்டே இருந்தேன்.

"இப்பதான் நன்னா ஒறங்கறான்," என்றார். "வித்துடு, மதூ."

ஜூன் 12

அப்பா ஷெட் பக்கமே போவதில்லை. இன்று போர்ட் கொச்சி வரை நடந்து கடலைப் பார்த்துவிட்டு வந்தார். இத்தனை நாள் கடல் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர். வந்து சாயா கேட்டு வாங்கிக் குடித்தார்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மூச்சு நின்றால், எடுக்கும்வரை காத்திருந்து பழகிய உடம்பு. இனி எதற்குக் காத்திருக்க?

அந்தக் கரியை ஏன்தான் எடுக்கச் சொன்னேனோ?

ஜூன் 14

வண்டி வாங்கக் களமசேரிக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். பிடித்துவிட்டது. நாளைக்கே எடுத்துப்போகிறாராம். சரி என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

வரவேண்டாம் என்று அவரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கோவிலுக்குப் போயிருக்கிறார்.

இனியும் நிறுத்தியே ஓடவிட்டால் பழையபடி கரி அடைத்துக்கொள்ளும் என்று ஷாஹிர் போகும்போது எச்சரித்திருந்தார்.

வண்டிக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சீராகத்தான் ஓடுகிறது. பரவாயில்லை, இன்றுதானே தொடங்கியிருக்கிறேன். வெளியே மழை கொட்டுகிறது. ஷட்டரைப் பாதிதான் இறக்கியிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் இறக்கினால் நன்றாகக் கேட்கும்.