மஞ்சள் தொட்டிக்குப் போன பிராந்திப் புட்டி

தாமியான்,

தூக்கமே பிடிக்கவில்லை. மருத்துவமனை வேலைக்கு முதல் பேருந்திலேயே கிளம்புகிறேன். சூப் அடுப்பின் மேல் இருக்கிறது.

மதியம் அப்பா வருவார். "நான் குடுத்த பிளம் பிராந்தி எப்படி இருந்துச்சு மாப்ளே?" என்று கேட்பார். "பிரமாதம் மாமா" என்று மட்டும் சொல். ஏரி முகாமில் நீ அதைத் தண்ணீர் என்று நினைத்துப் புல்லில் ஊற்றி, புட்டியை நசுக்கி பிளாஸ்டிக் குப்பைக்கான மஞ்சள் தொட்டியில் போட்டதை உளறாதே. பனியில் பூவெல்லாம் கருகி, இந்த வருஷம் அவர் பிளம் மரத்தில் ஒரு பழம்கூட இல்லை; வேறு புட்டி கிடைக்காது.

அவர் பிராந்தியைத் தண்ணீர்ப் புட்டியில்தான் ஊற்றித் தருவார் என்று ஒன்பது வருஷமாகத் தெரியாதா? உனக்கு மூக்கு இல்லையா?

காரில் முகாம் குப்பை அப்படியே கிடக்கிறது. டின்களைக் கழுவிப் பிரித்துப் போடு, நாளை குப்பை வண்டி வரும். காபிச் சக்கையை மட்டும் என் பூந்தொட்டியில் கொட்டாதே. போன வருஷம் ஜெரேனியம் செடியைக் கொன்றது போதும்.

நெவென்கா

பி.கு: பேருந்து நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். நேற்று முகாமிலிருந்து வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டியது அதிகம்தான். ஜெரேனியம் உன் காபிச் சக்கையால் சாகவில்லை. அப்பா தந்த புட்டியில் இருந்ததைத் தண்ணீர் என்று நினைத்து நான்தான் அதற்கு ஊற்றினேன்.