ஐந்திலிருந்து எட்டு வரை பூஜ்யம்

ஐப்பசி 10, திங்கள்

காலையில் மூட்டம், பத்து மணிக்கு மேல் வெயில். துணி காயவில்லை.

தரணேந்திரனின் மழைநீர்க் கணக்கு ஒருவழியாக ஓடியது. முப்பது வருஷத்துக்கு முன் ஃபோர்ட்ரானில் அவர் எழுதிய நிரல். ஆரணியின் தெருக்களை நடந்து நடந்து அளந்து, எவ்வளவு மழைக்கு எந்தக் கால்வாய் நிரம்பும் என்று சொல்லும்படி செய்து வைத்தார். மனுஷன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பழைய விஞ்ஞான நிரல்களைப் புதுக் கணினியில் ஓட வைப்பதுதான் என் பிழைப்பு. கூட வேலை பார்த்தவருடையது என்றால் கை கொஞ்சம் தயங்குகிறது.

இன்று திருத்தியவை: உடைந்த வரிகள் 9. தேதிக் குழப்பம் 4. விளங்காத வரி 1.

அந்த ஒன்று: நெசவாளர் தெருவுக்கு மட்டும், விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு வரை, கால்வாய் வாய்கள் எல்லாம் பூஜ்யம். அதாவது அந்த மூன்று மணி நேரம் தண்ணீர் உள்ளே போகாது. ஏன்? ஒரு குறிப்பும் கிடையாது. எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும் இவருக்கு? எதையோ சோதித்துவிட்டு அழிக்க மறந்திருப்பார் என்று நானே முடிவுகட்டி அழித்தேன். நிரல் அழகாக ஓடியது. அந்தத் தெருவில் வெட்டப்போகும் புதுக் கால்வாய்க்கு இரண்டடி அகலமே போதும் என்று வந்தது. நகராட்சி உதவிப் பொறியாளர் சேகருக்கு உடனே அனுப்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா, ஜல்தியா முடிச்சிட்ட?" பெருமையாகத்தான் இருந்தது.

ஐப்பசி 11, செவ்வாய்

மழை இல்லை. கணினிக்குள் மட்டும் பெய்தது. வேலை முடிந்த பிறகும் சும்மா மறுபடி மறுபடி பெய்ய விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லாத மழை. ஆளே இல்லாத ஆரணி. தெருக்கள் எண்களாக நிறைகின்றன, எண்களாக வடிகின்றன. மத்தியானம் கண் சொக்கியது. அந்தத் தெருக்களில் செருப்பில்லாமல் நடக்கிறேன், கால் நனையவில்லை. குக்கர் விசில் எழுப்பிவிட்டது.

வாங்க: துவரம்பருப்பு, கொசுவத்தி, பிரின்டர் மை.

சாயங்காலம் வந்தவாசிக்குப் போன். தரணேந்திரன் மனைவி பிரபாவதி. நிரல் ஓடுகிறது என்று சொன்னேன்.

"ஆரணியில இருந்தப்ப அவரு காலங்காத்தால அஞ்சு மணிக்கே கிளம்பிடுவாருங்க. எங்கன்னு கேட்டா, தெருவப் பாத்துகினு நிக்கப் போறேன்னுவாரு. எனக்கு ஒரே பேஜாரா இருக்கும்."

ஐந்து மணி. போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஐப்பசி 12, புதன்

சரியான தூக்கமில்லை. ஐந்தேகாலுக்கு நெசவாளர் தெரு. நடுத்தெருவில் நீளமாகப் பட்டுப் பாவு, தறியில் ஏறப்போகும் நீளவாட்டு இழைகள், இழுத்துக் கட்டியிருந்தார்கள். வாடாமல்லி நிறம். பனியில் அதன் மறுகோடி தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் கஞ்சி தடவிக்கொண்டே பின்பக்கமாக நடக்கிறார்கள். யாரும் பேசவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அப்புறம்தான் அவர்கள் காலடியைப் பார்த்தேன். கால்வாயின் வாய் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகை.

கஞ்சிச் சட்டியோடு வந்த மல்லிகாவைக் கேட்டேன். அந்தத் தெருவில் தறி வைத்திருப்பவள்.

"பலகை போடலன்னா கால் உள்ள போயிடும்ங்க. பின்னாடியே நடந்துகினு இருக்கோம்ல? எட்டு மணிக்கு எடுத்துடுவோம்."

"நடுவுல மழை வந்தா?"

"பாவச் சுருட்டிகினு ஓடுவோம்."

"பலகை?"

சிரித்தாள். "அப்ப யாரு அக்கா பலகையப் பாப்பாங்க?"

நெசவாளி கால் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழியில் போன ஐப்பசியில் முழங்கால் தண்ணீராம். தறி பதினைந்து நாள் நின்றதாம்.

வீட்டுக்கு வந்து அந்த வரியைத் திரும்பப் போட்டு ஓட்டினேன். தெருவின் கீழ்ப்பாதி முழுக்க வீட்டுக்குள் தண்ணீர். இரண்டடி அகலம் ஒன்றுக்கும் உதவாது. புதுக் கால்வாயின் வாய்களைத் தரையில் வைக்காமல் ஓரச் சுவரில் வைத்தால் பலகையே வேண்டியதில்லை. தரணேந்திரன் மறந்து விட்டுப்போன வரி இல்லை அது. வெட்கமாக இருந்தது. அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்?

சேகருக்குப் போன். என் தப்பு என்று சொன்னேன்.

"கையெழுத்து ஆயிடுச்சு மேடம். திங்கக்கிழமை ஜேசிபி வருது. மழை வந்தா பலகைய எடுக்கச் சொல்லுங்க, அவ்ளோதானே?"

ஒரே ஒரு காலை வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

ஐப்பசி 14, வெள்ளி

வெயில். அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினேன்: பாவு நீட்டும் நேரம், வாய்களில் பலகை இருக்கும், அழிக்க வேண்டாம். மூன்று தரம் மாற்றி எழுதினேன். வேறு வேலை ஓடவில்லை.

ஐப்பசி 16, ஞாயிறு

ஐந்தரைக்கு வானத்தில் நட்சத்திரம்கூட இருந்தது. ஆறு மணிக்கு சேகர் பைக்கில் வந்தார். புது ஷூ. பலகைகளைக் காட்டினேன்.

"நாலு பேரு குனிஞ்சா அஞ்சு நிமிஷ வேலை மேடம்."

ஆறே முக்காலுக்குக் கிழக்கே கறுத்தது. தூறல். "பாவு! பாவு!" தெருவே ஓடியது.

"சார், அந்தக் கோடியப் பிடிங்க, நனையப் போவுது!" மல்லிகா கத்தினாள். சேகர் பாய்ந்து பிடித்தார். மழை கொட்டியது. ஆளாளுக்குச் சுருட்டிக்கொண்டே மல்லிகா வீட்டை நோக்கி நகர்ந்தோம். சேகர் தன் சட்டையைக் கழற்றிப் பட்டின் மேல் போர்த்தினார். பாவு உள்ளே போன பிறகுதான் குனிந்து பார்த்தார். ஷூ தெரியவில்லை. தண்ணீர் வாசற்படியைத் தாண்டித் தறிக்குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பலகைகள் போட்டது போட்டபடி.

பனியனோடு நின்று ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதுக்காகவே வந்தவங்க, நீங்களாவது ஒரு பலகைய எடுத்திருக்கலாமே மேடம்?"

என் இரண்டு கையிலும் பாவின் கஞ்சி.