வெள்ளிக்கொடியும் மூன்றாம் நிலையும்

3.6.2008
பேட்டரி ஆட்டோக்களின் சக்கரவர்த்தியாகிய நான், திருநகர் ஒர்க்‌ஷாப்பில் இன்னும் இரண்டாம் நிலைதான். முதல் நிலைக்காரன் வண்டி கழுவலாம், டயர் மாட்டலாம். இரண்டாம் நிலைக்காரன் பிளக்கைப் பிடுங்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டு மோட்டாரைக் கழற்றலாம். பேட்டரிப் பெட்டியைத் திறக்க மூன்றாம் நிலை வேண்டும். எதைப் பிடுங்கினாலும் பேட்டரிக்குள் கரண்டு சாவதில்லை. பரீட்சை வைப்பவள் யார்? நான் தோளில் தூக்கித் திரிந்த அக்கா மகள் பவா என்கிற பவதாரிணி! தேறாவிட்டால் எந்த முகத்தில் மீசை முறுக்குவேன்?

9.6.2008
உடம்பில் உலோகம் கூடாதாம். மோதிரம், வாட்ச் கழற்றியாச்சு. இடுப்பில் வெள்ளி அரைஞாண்கொடி? வீட்டில் பாண்டியம்மாளிடம் மெல்லச் சொன்னேன். "அருணாக்கொடிய அவுக்கிறது ஆம்பள செத்த பெறகுதான். நான் இருக்கையில கைய வச்சுப் பாரும்!" ஆறு பேட்டரியைவிட அவளிடம் வோல்டேஜ் அதிகம்.

12.6.2008
தேறிவிட்டேன்!
"மேல மெட்டல் எதுவும் இருக்கா மாமா?"
"வீரத்தழும்பு மட்டும்தான் தாயி."
சிரித்தபடி டிக் போட்டாள். பெட்டிமேல் குனிந்தபோது சட்டை ஏறியது. இமயமலைக்கு அண்ணனான என் தொப்பையும் வெள்ளிக்கொடியும் பேட்டரி முனைக்கு நாலு விரல் தூரத்தில். அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

13.6.2008
மூன்றாம் நிலை அட்டை சட்டைப்பையில். மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

14.6.2008
இன்னிக்கு அழகுமலைக்குப் பரீட்சை. என்னோட வேலை பாக்குறவன். "மெட்டல் ஒண்ணுமில்லன்னு சொல்லிரு மாப்ள, நானும் அப்படித்தான் சொன்னேன்" – காலையில நானே பீத்திக்கிட்டேன். ஏன் சொன்னேன்?

அப்படியே சொன்னான். குனிஞ்சான். அவன் கொடி தொளதொளன்னு ரெண்டு முனைக்கும் நேரா தொங்குது.

"நிமிருடா!" காலரைப் பிடிச்சு இழுத்தேன். ரெண்டு பேரும் தரையில.

பவா வெளுத்துப்போய் நின்றாள். எழுந்து என் சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"அன்னைக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ரெண்டு முனையிலயும் பட்டிருந்தா, கொடி பழுக்கக் காஞ்சு வயித்தப் பொசுக்கியிருக்கும். அத்தைக்கு நான் என்ன பதில் சொல்றது மாமா?" கையை நீட்டினாள். "அட்டையக் குடுங்க."

2.7.2008
இப்போது முதல் நிலை. காலையில் பாண்டியம்மாள் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் வெள்ளியை அவிழ்த்தாள்.

நாலு வண்டி கழுவினேன். நாலுதான்.

வண்டி கழுவுகிறவனிடம் யாரும் உலோகம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. ஆனாலும் பவா வந்ததும் சட்டையைத் தூக்கினேன். சிரிக்கவில்லை. சுற்றிவந்து, முதுகுப்பக்கமும் குனிந்து பார்த்தாள்.

"சரி மாமா."