பட்டியலில் ஏறிய மேனேஜர்

செப்டம்பர் 2

என் கண்ணாடிக்கார டீச்சரம்மாவுக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது பார், அதனால் பேனாவைப் பிடித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். தப்பு இருந்தால் சிவப்பு மையால் சுழித்து மார்க் போட்டு அனுப்பு. உன்னிடமிருந்து மார்க்காவது வருமே.

என் தம்பி எப்படி இருக்கிறான்? இன்னும் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போகிறானா? இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு மெஷின் படுத்துவிட்டது. மிச்சம் இரண்டும் என்னைப் போலவே முனகிக்கொண்டு ஓடுகின்றன.

ஒரு சங்கதி. பிரசவ வார்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வயிற்றிலேயோ, பிறந்த கையோடோ போய்விட்ட பிள்ளைகளை நினைத்துப் பார்க்க, இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்குப் பின்பக்கத் தோட்டத்தில் கூட்டம். பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார்களாம். அந்த வீட்டு ஆள் எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான், பேச்சு கீச்சு கிடையாது. அதற்கப்புறம் மாதம் ஒரு நாள் அந்த அம்மா அப்பாக்கள் கூடி உட்கார்ந்து பேசலாமாம். இதை நடத்துகிற நர்ஸம்மாவுக்கும் அப்படி ஒன்று போயிருக்கிறது. பத்து வருஷம் அவருக்குத் துணி துவைத்திருக்கிறேன், எனக்கே இப்போதுதான் தெரியும்.

நம் பிள்ளைக்கும் ஒரு படிவம் கொடுத்துவிட்டேன். கோபப்படாதே. கோபம் வந்தால் அதையும் கடிதத்திலேயே படு.

உன் வாயாடி அண்ணி


செப்டம்பர் 6

அண்ணிக்கு,

வணக்கம். அவர் நலம். சட்டையை நேராகத்தான் போடுகிறார்.

எங்கள் குழந்தைக்கு நாங்கள் பெயரே வைக்கவில்லை. பிறகு எந்தப் பெயரைக் கொடுத்தீர்கள்? யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?

ஜனவரியில் நான் மயக்கத்தில் கிடந்தபோது, "அவ பார்க்க வேணாம், பார்த்தா தாங்க மாட்டா" என்று நர்ஸிடம் சொன்னவர் நீங்கள். உங்கள் தம்பி வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள், நான் கண் விழிப்பதற்குள், அடக்கம்வரை எல்லாம் முடிந்திருந்தது. என் குழந்தையின் முகம் எனக்குத் தெரியாது. அன்றைக்கும் நீங்களே முடிவு செய்தீர்கள். இன்றைக்கும் நீங்களே.

தயவுசெய்து அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

(பெயர் எழுத மனமில்லை)


செப்டம்பர் 10

அன்பான கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை தைரியம் வரவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் இருந்த அம்மா, "குழந்தை பேர் என்ன?" என்று கேட்டாள். என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டா வேலை செய்கிறது? "மேனேஜர்" என்று சொல்லிவிட்டது. அவளும் எழுதிவிட்டாள்.

நினைவிருக்கிறதா? ஏழாம் மாதம், தினமும் சரியாகப் பதினோரு மணிக்கு உதைக்கும். நான் போனில், "மேனேஜர் டூட்டிக்கு வந்தாச்சா? இன்னிக்கு யாரைப் பிடிச்சு விரட்டுறார்?" என்று கேட்பேன். நீயும், "புளிப்பா ஏதாவது கொண்டு வரணுமாம் அண்ணி, ஆர்டர் போட்டாச்சு" என்பாய். சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் வந்துவிடும். அந்தப் பிள்ளையை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அதனால்தான் வாயில் அது வந்துவிட்டது.

உன் கடிதம் வந்ததுமே நர்ஸம்மாவிடம் ஓடினேன். "அம்மா அப்பா கையெழுத்துப் போட்டா எடுத்துடலாம். அத்தை கையெழுத்து செல்லாது" என்றார்.

"கொடுக்கிறப்ப மட்டும் செல்லுச்சா?" என்று கேட்டேன்.

"யாரு வேணா நினைச்சுக்கலாம். வேணாம்னு சொல்ற உரிமை பெத்தவங்களுக்குத்தான்" என்றார்.

ஜனவரியில் இந்த நர்ஸம்மா அன்றைக்கு டூட்டியில் இல்லையே என்று இருந்தது. இருந்திருந்தால் என் வாயை அப்போதே அடைத்திருப்பார்.

பெயரை எடுக்கிற படிவம் இதனுள் வைத்திருக்கிறேன். இருபத்து நாலாம் தேதிக்குள் இங்கே வந்தால் போதும். அதற்கு மறுநாள் பட்டியலை அச்சுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஜனவரி விஷயம். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். பயத்துக்கு அப்படி ஒரு பெயர் வைத்துக்கொண்டேன் போல.

அண்ணி


செப்டம்பர் 18

கண்ணாடிக்காரிக்கு,

படிவம் வரவில்லை. உன் கடிதமும் வரவில்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே சைக்கிளை அந்தப் பக்கம் திருப்புகிறார்.

நினைப்பு எங்கேயோ இருந்ததில், நேற்று வெள்ளை விரிப்புகளோடு ஒரு சிவப்புப் போர்வையைப் போட்டு மெஷினை ஓட்டிவிட்டேன். முப்பது விரிப்பும் ரோஸ் கலர். ஆண்கள் வார்டில் ஒரு கிழவர், "என்னம்மா, எனக்குக் கல்யாணமா?" என்று கேட்டார். சூப்பர்வைசர் கேட்டது வேறு, அதை எழுத முடியாது.

பயமாக இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் "மேனேஜர்" என்று வாசிக்கும்போது யாராவது சிரித்துவிட்டால்? என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், அதற்கென்றே பிறந்தவள் நான். அந்தப் பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. அதைவிட, நீ இதற்கும் என்னை மன்னிக்காமல், இனிமேல் எப்போதுமே எழுதாமல் இருந்துவிட்டால்?

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. திட்டி எழுத நேரமில்லை என்றால் வெறும் படிவம் போதும்.

அண்ணி


செப்டம்பர் 21

அண்ணிக்கு,

படிவத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

போடத்தான் உட்கார்ந்தேன். அவரும் போட வேண்டுமே என்று உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்தார். மடித்து வைத்தார். பிறகு, "பதினோரு மணி" என்றார். ஆபீஸில் பதினோரு மணி ஆனால் கை வேலையை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறாராம். எட்டு மாதமாக. அதே நேரத்தில் நான் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கிறேன், பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல். இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

அந்தப் பெயரை எட்டு மாதமாக யாருமே சொல்லவில்லை அண்ணி. எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

பெயர் இருக்கட்டும். அவள் பெண். "மேனேஜரம்மா" என்று மாற்றச் சொல்லுங்கள்.

என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். போகவில்லை. அவளைப் பார்த்தவர் நம் வீட்டில் நீங்கள் ஒருவர்தான். அவள் எப்படி இருந்தாள் என்று எழுதுங்கள். கேலி வேண்டாம். இல்லை, கேலியோடே எழுதுங்கள், உங்களுக்கு வேறு விதமாக வராது. ஆனால் எதையும் மறைக்காதீர்கள். எதைத் தாங்குவேன் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாசுகி டீச்சர் என்று பள்ளியில் கூப்பிடுகிறார்கள், நீங்கள் மட்டும் கண்ணாடிக்காரி என்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும்.

கண்ணாடிக்காரி


செப்டம்பர் 24

என் கண்ணாடிக்காரிக்கு,

பட்டியலில் மாற்றியாகிவிட்டது. நர்ஸம்மா சிரிக்கவில்லை. "நல்ல பேரு" என்று சொல்லி, எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்த்தார்.

நீ கேட்டதை எழுதுகிறேன். நடுவில் நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்தினேன், தாளில் கறை இருந்தால் அதுதான்.

அவளைச் சுற்றியிருந்தது வெளிர்மஞ்சள் துண்டு. முந்தின நாள் நானே துவைத்து மடித்த கட்டிலிருந்து எடுத்தது. யாருக்கென்று தெரியாமல் மடித்திருக்கிறேன். சுடுதண்ணீர்ப் பை அளவுக்கு இருந்தாள், அதைவிடக் கொஞ்சம் கனம்.

தலை நிறைய முடி. நெற்றியில் ஈரமாக ஒட்டிக்கிடந்தது. மூக்கு என் தம்பியுடையது, அதற்கு நான் பொறுப்பில்லை. இடது காது மேல்பக்கம் மடிந்து இருந்தது, அப்படியே உன் காது. அவளுக்கும் கண்ணாடி நிற்காமல் நழுவியிருக்கும். நெற்றியை இப்படிச் சுருக்கி வைத்திருந்தாள், யாரோ வேலையை முடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி. மேனேஜரேதான்.

மறைக்காதே என்றாய். உதடு கறுத்திருந்தது. வலது மணிக்கட்டில் கொஞ்சம் தோல் உரிந்திருந்தது. விரல்கள் நீளம், நகம் வளர்ந்து, வெட்டிவிட வேண்டும் போல இருந்தது. அவள் உள்ளங்கையில் என் விரலை வைத்தேன். அவள் பிடிக்கவில்லை. பிடிப்பாள் என்று கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"மேனேஜரே, உங்கம்மா தூங்குறா" என்று சொன்னேன். எழுப்பியிருக்க வேண்டும். உன்னை எழுப்பும்வரை நான் அவளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நர்ஸ் கேட்டபோது கொடுத்துவிட்டேன். அதற்கு நீ எத்தனை வருஷம் கோபப்பட்டாலும் சரி, நான் இங்கேதான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசையில் மூன்று நாற்காலிக்குத் துண்டு போட்டு வைக்கிறேன். நம் பெயர் எட்டாவதாக வரும். அப்போது நான் எழுந்திருக்க மாட்டேன். நீ நின்றாலும் சரி, தம்பி நின்றாலும் சரி, இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தாலும் சரி, பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனாலும் சரி. நீ சொல்வதுதான். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பேன்.

நகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் இருக்கிறது; மறைக்கவில்லை, எழுதத்தான் வரவில்லை. நேரில் கேட்டால் சொல்கிறேன்.

மேனேஜரம்மாவின் அத்தை