வலது கையால் பரிமாறிய அக்காவுக்கு

இது யார் கையிலாவது கிடைத்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அம்மாவிடமும், அக்காவைக் கட்டிக்கொடுத்த லைட்ஹவுஸ் குப்பத்து ஆட்களிடமும் காட்ட வேண்டாம். இது செத்துப்போன என் அக்காவுக்கு நான் எழுதுவது.

என் உயிர் அக்கா,

நைனா வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார். அம்மா கூடத்தில் உன் பாப்பாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். நான் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு உன் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பாப்பாவுக்கு மேல்பல் வந்துவிட்டது. என் விரலைக் கடித்துவிட்டு, வலிக்கிறதா என்று என் முகத்தையே பார்க்கிறது.

நாளைக்கு உன் மாமியார் வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கு மாற்ற வருகிறார்கள். யாருக்கு என்று கேட்க மாட்டாயா? எனக்குத்தான். உன் வீட்டுக்காரருக்கே, மாமாவுக்கே, என்னையும் கொடுக்கப்போகிறார்கள். பன்னிரண்டாவது பரீட்சை முடிந்ததும் கல்யாணமாம். நீ போய் இன்னும் ஒரு வருஷம்கூடத் திரும்பவில்லை. புள்ளையை வேறு எவளோ வந்து வளர்ப்பதற்குப் பதில் சித்தியே வளர்க்கட்டும் என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். நைனாவும் சரி என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் படிப்பு ஓடவில்லை, சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான் வருகிறது. ஞாபகம் இருக்கிறதா? நீ பிரசவத்துக்கு வந்திருந்தபோது நாம் உன் போனில் பார்த்த பழைய இங்கிலீஷ் படம். ராத்திரியெல்லாம் ஏரியில் இருந்துவிட்டு நைனா பகலில் தூங்குவார், பாப்பாவும் தூங்கும். அதனால் சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டுப் பார்ப்போம். சத்தம் இருந்திருந்தாலும் அந்த வேக இங்கிலீஷ் நமக்கு எங்கே புரிந்திருக்கும்? முகங்களை வைத்தேதான் கதையைக் கண்டுபிடித்தோம்.

பெரிய வீடு. புருஷன் ஊரில் மரியாதை உள்ளவன். விருந்துக்கு ஆட்கள் வருகிற நேரத்தில் பொண்டாட்டி கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிடுகிறான். அவள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வருகிறாள். அந்த இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டச் சொல்வாய். பாதிப் படியில் ஒரு மூச்சு நிற்பாள். கீழே இருக்கிறவர்களுக்கு அவள் இன்னும் தெரியமாட்டாள். நமக்கு மட்டும்தான் தெரிவாள். அந்த ஒரு மூச்சில் அவள் முகம் கிழவி மாதிரி ஆகிவிடும். அடுத்த படியில் கால் வைக்கும்போது சிரிப்பு வந்துவிடும். உதடு முதலில் சிரிக்கும், கண் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அந்தத் தாமதத்தைக்கூட நடித்தாளே, எப்படி?

சாப்பாட்டு மேசையில் அவன் அவள் காதருகே குனிந்து ஏதோ கேட்பான். நீ அவனுக்கும் அவளுக்கும் குரல் கொடுப்பாய்.

"இன்னாடி, மூஞ்ச ஒரு மாரி வச்சிக்கினு கீற?"

"ஒண்ணுமில்லங்க. நண்டு ஓடு குத்திடிச்சி."

பாப்பா எழுந்துவிடக் கூடாது என்று நான் தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன். நீ சிரிக்க மாட்டாய். திரையைத் தொட்டுக் காட்டி, "அந்தக் கைய பாக்கவே மாட்டேங்கிறா பாரு. நோவுதுனு நடிக்கிறவ கையவே பாத்துக்கினு இருப்பா. நெஜமா நோவறவ அந்தப் பக்கமே பாக்க மாட்டா"னு சொன்னாய். நீ நன்றாகப் படம் பார்க்கிறாய் என்று அன்றைக்கு நினைத்தேன். உனக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் ஏன் கேட்கவில்லை?

பாப்பாவுக்கு மொட்டை போட்ட அன்றைக்கு நாங்கள் எல்லோரும் உன் வீட்டுக்கு வந்திருந்தோம். தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் வந்தேன். அடுப்பங்கரையில் மாமா உன் வலது மணிக்கட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய சிநேகிதர்கள் முன்னால் நீ எதிர்த்துப் பேசிவிட்டாயாம். அவர் சத்தம் போடவில்லை. நீயும் போடவில்லை. படத்தில் வருவது போலவே எந்தச் சத்தமும் இல்லாமல் நடந்தது. அவர் என்னைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார். நீதான் பார்த்தாய். இடது கையால் என் தலையில் அடித்து, "யாருகிட்டயும் சொல்லாத ரேவு. எம்மேல சத்தியம்" என்றாய்.

அப்புறம் மீன்குழம்புச் சட்டியோடு பந்திக்குப் போனாய். சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு இடது கையால் கரண்டியைப் பிடித்தாய். பந்தி முழுக்க உட்கார்ந்திருக்கும்போது அம்மா கேட்டாள்.

"இன்னாடி இது, பீச்சாங்கையால போடற? இதான் நான் வளத்த லட்சணமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கும் முந்தி நீ சிரித்தாய். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கரண்டியை வலது கைக்கு மாற்றினாய். அந்தக் கையாலேயே கடைசி இலைவரைக்கும் போட்டாய். மாமா இன்னொரு துண்டு கேட்டார். நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாய். உன் கையை நீ ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் சொல்ல வேண்டியது அதற்கு முன்னால் நடந்ததைப் பற்றி.

போன வாரம் இயர்போன் மாட்டிக்கொண்டு அந்தப் படத்தை முதல் தடவையாகச் சத்தத்தோடு பார்த்தேன். அவள் குரல் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. உன் குரல்தான் அவளுக்குச் சரி. ஆனால் அந்த விருந்தில் ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், அதற்கு நடுவில் அவள் கரண்டி மட்டும் தட்டில் கிடுகிடு என்று ஆடுகிறது. கை ஆடுவது கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குத்தான் தெரிகிறது. எவ்வளவு பெரிய நடிகை அவள். அப்படிச் செய்ய வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

உன் கரண்டி சத்தம் போடவில்லை அக்கா. நீ அவளைவிட நன்றாக நடித்துவிட்டாய். அதனால்தான் நம் வீட்டில் ஒருவருக்கும் எதுவும் தெரியாமல் போய்விட்டது.

மாமாவும் நடிக்கிறாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரும்போதெல்லாம் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுக அழுகிறார். அது நடிப்பு இல்லை. நிஜமாகத்தான் அழுகிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நிஜமாக அழுகிற ஆளைப் பற்றி நான் போய் என்ன சொல்வேன்? தங்கமான புள்ளை, வேறு எவன் இப்படிப் பொண்டாட்டிக்காக அழுவான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

இன்றைக்கு மத்தியானம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். வாய்வரைக்கும் வந்துவிட்டது. அம்மா நிமிர்ந்து பார்த்து, ஏன் முகம் வாடிக் கிடக்கிறது என்று கேட்டாள். தலைவலி என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். கஷ்டமே இல்லாமல் வந்தது அந்தச் சிரிப்பு. உதடு முதலில், கண் அப்புறம். அம்மா நம்பிவிட்டு, தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கும் நன்றாக நடிக்க வருகிறது அக்கா. நாளைக்குத் தாம்பூலத் தட்டை நீட்டினால், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அப்புறம் நான் அந்த அடுப்பங்கரையில் நிற்பேன்.

எழுதும்போதே ஏதோ சத்தம் கேட்கிறது. தெரு நாயாக இருக்கும்.

நான் உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ வாங்கிய சத்தியத்தை உடைக்கப்போகிறேன். என்மேல் சத்தியம் என்றாயே, இனிமேல் உனக்கு என்ன ஆகிவிடப்போகிறது? அம்மா என்னை அடிக்கலாம். செத்தவள் பேரைச் சொல்லிப் பழி போடுகிறாயா என்று கேட்கலாம். மாமா வீட்டார் கோபத்தில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாலும் போய்விடுவார்கள். போனால் பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் பாலத்தைத் தாண்டி நடந்து போய்ப் பார்ப்பேன். கதவைச் சாத்தினால் வெளியே நின்று கூப்பிடுவேன். அது உறுதி. நாளைக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்ததும், நான்

கதவு தட்டுகிறது.

அம்மாதான். "ரேவு, தொறடி. புள்ள எய்ந்துக்கிச்சி, உன்னதான் தேடுது"ங்கிறாள். தூக்கக் குரல். அவளோடு வேறு யாரும் இல்லை. நாளைக்கு வேண்டாம் அக்கா, இப்போதே சொல்லிவிடுகிறேன். கதவைத் திறக்கப்போகிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ரேவு