கை நனைப்பதற்கு முன்

மரக்காணம்
21-8-2005

அன்புள்ள கிருபாவுக்கு,

செந்தமிழ் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். இந்த வருடம் மழை தள்ளிப்போவதால் அம்மாவுக்கு உப்பளத்தில் தினமும் வேலை இருக்கிறது.

காலேஜில் கடைசி நாள் பேசியபடிதான் நடந்துகொள்கிறேன். ஆரோவில் ஊதுபத்திக் கம்பெனியில் வாங்கும் சம்பளத்தில் பாதி வீட்டுக்கு, மீதி போஸ்ட் ஆபீஸுக்கு. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறாமல் நடக்கிறேன். மற்றவர்கள் டீ வாங்கும் நேரத்தில் கை கழுவப் போவதுபோல் எழுந்துவிடுவேன். செருப்பு வார் அறுந்ததைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டு, "அங்க வெள்ளைக்காரி கிழிஞ்சது போட்டா ஸ்டைலு. நீ போட்டா எங்க மானம் போவுது" என்றாள்.

2006 ஜூன் ஒன்றாம் தேதி, சென்ட்ரல். முன்பதிவில்லாத பெட்டியிலேயே ஒரு வருடம் ஊர் ஊராக, நாம் இரண்டு பேரும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். வீட்டில் பேசுவது உன் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டாய், மறந்துவிடாதே.

உன்
செந்தமிழ்


சென்னை
9-10-2005

அடியே செந்தமிழ்,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. ஆபீஸில் மூச்சுவிட நேரமில்லை, மன்னித்துக்கொள்.

நீ டீயை விட்டாய், நான் சினிமாவை விட்டேன். ஹாஸ்டலில் ஒரே அறையில் ஆறு பேர். காலை டிபனைப் பாதி மூடிவைத்து மதியம் சாப்பிடுகிறேன். இட்லி என்றால் பரவாயில்லை, பூரி என்றால் பல் ஆடுகிறது. ஒரு செல்போன் மட்டும் தவணையில் வாங்கிவிட்டேன். கோபப்படாதே, வேலைக்கு வேண்டியிருக்கிறது. கூட வேலை பார்க்கும் சதீஷ் என்பவர்தான் மலிவாகப் பார்த்துக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் சரிக்கட்டிவிடுவேன்.

பொங்கலுக்கு வரும்போது நேராக உன் வீட்டுக்குத்தான். நான் பேசினால் உன் அம்மாவே நம் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ரயிலேற்றுவாள், பார்.

கிருபா


மரக்காணம்
22-1-2006

அன்புள்ள கிருபாவுக்கு,

பொங்கல் மூன்று நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. போகட்டும். இப்போது கட்டாயம் வர வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் புதுத்துணி வேண்டாம் என்பதையும், நடந்து வருவதையும், போஸ்ட் ஆபீஸ் புத்தகத்தையும் அம்மா சேர்த்துப் பார்த்திருக்கிறாள். நகைக்குச் சேர்க்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டாள். உப்பளம் முழுக்க என்னைப் பற்றித்தான் பெருமை. அது பெருமுக்கல்வரை போயிருக்கிறது. அங்கே கமலாம்பாள் என்று ஒரு அம்மா, மகன் தட்சணாமூர்த்திக்குப் பெண் தேடுகிறார்கள். "தன் நகைய தானே சேத்துக்கற பொண்ணு எங்க கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பினார்களாம். அந்தத் தட்சணாமூர்த்தியை நான் பார்த்தது கூட இல்லை.

அதைவிடக் கஷ்டம் இன்னொன்று. அம்மா இப்போது வெற்றிலை போடுவதில்லை. ஏன் என்று கேட்டேன். "நீ வாயக் கட்டிக்கினு சேக்கற. நான் கட்ட மாட்டனா?" என்றாள். மழைக்காலம் முழுக்க வேலையில்லாதபோதும் அந்தக் காசைத் தனியாக வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 26 ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பேசி முடிக்க வருகிறார்கள். இங்கே பேச்சு முடியும்வரை பையன் வீட்டார் நம் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நம் சாப்பாட்டில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் மாற்ற முடியாது. அதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். தினமும் நினைக்கிறேன், முடியவில்லை. நீ ஒரு நாள் லீவு போட்டு வா.

உன்
செந்தமிழ்


சென்னை
19-2-2006

அன்புள்ள செந்தமிழ்,

தபாலில் தாமதமாகும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

26-ஆம் தேதி என்னால் வர முடியாது. ஆபீஸில் எல்லோரும் மகாபலிபுரம் போகிறோம், ஒரு மாதம் முன்பே முடிவானது. சதீஷிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். நல்ல இடமென்றால் விடக்கூடாது என்கிறார். இரண்டு பெண்கள் தனியாக ஒரு வருடம் சுற்றுவதைச் சதீஷ் வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள் என்கிறார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் நியாயம்தானே. கல்யாணம் ஆன பிறகு அவரவர் வீட்டுக்காரரோடு நாலு பேராகப் போகலாம். ரயில் எங்கேயும் ஓடிப்போகாது.

அம்மா மனதை நோகடிக்காதே.

கிருபா


மரக்காணம்
14-5-2006

அன்புள்ள கிருபாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். இப்போது குறைந்திருக்கிறது.

26-ஆம் தேதி ஒன்பது பேர் வந்தார்கள். அப்பாவோடு உட்கார்ந்து கல்யாணத் தேதி வரைக்கும் பேசிவிட்டார்கள். அம்மா இலை போட்டு, வடை வைத்து, சாம்பார் வாளியைத் தூக்கினாள். கமலாம்பாள் இலையில் தண்ணீர் தெளித்தார்கள். நான் சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தேன். அந்த அம்மாவின் கை வடைக்குப் போனபோது, "அந்தப் பணம் நகைக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

கை அப்படியே நின்றது. அம்மா வாளியைக் கீழே வைக்காமலே, "அப்ப எதுக்குடி?" என்றாள்.

"ஊர் ஊரா போறதுக்கு."

"எந்த ஊருக்கு?" இதைக் கேட்டது கமலாம்பாள்.

"இன்னும் பாக்காத ஊருக்கெல்லாம்."

யாரும் திட்டவில்லை. அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள், மற்றவர்களும் எழுந்தார்கள். அப்பா அவர்களோடு பஸ் ஸ்டாப்வரை போனார், போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வடையை நாங்கள் மூன்று பேரும் இரண்டு நாள் சாப்பிட்டோம். மறுநாள் அம்மா ஒரு கவுளி வெற்றிலை வாங்கிவந்து என் எதிரிலேயே உட்கார்ந்து போட்டாள்.

போன வாரம்தான், உப்புப் பாத்திக்கு வேலைக்குக் கிளம்பும்போது, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "போறன்னா போ. மெட்ராஸ்ல வேலைன்னு நான் ஊர்ல சொல்லிக்கறேன். யாராவது கேட்டா நீயும் அதையே சொல்லு."

சரி என்றேன். பொய்தான். அவளுக்கு அதுவாவது வேண்டும்.

கிருபா, உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அதில் மகாபலிபுரம் இருக்கிறது, சதீஷ் இருக்கிறார். ஜூன் ஒன்றாம் தேதி எங்கேயும் இல்லை. உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. என் வீட்டில் நீ பேசுவாய் என்று காத்திருந்தது என் தப்பு.

ஜூன் ஒன்று காலையில் சென்ட்ரலில் டிக்கெட் வரிசையில் நிற்பேன். ஒரு டிக்கெட்தான் கேட்பேன். நீ வந்தால், உன்னுடையதை நீ வாங்கிக்கொள்.

தெ. செந்தமிழ்